நின்றபடி பட்டு விற்கும் உரிமை கோரும் மனு

அனுப்புநர்
ப. கோதண்டபாணி, எம்.ஏ. (பொருளியல்), வயது 54,
முதுநிலை விற்பனையாளர் (பணியேற்க அனுமதி மறுக்கப்பட்டவர்),
பட்டுப் பிரிவு, தாயம்மை பட்டு மாளிகை, தியாகராய நகர்.
இல்லம்: மயிலாப்பூர், சென்னை 600 004.

பெறுநர்
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் துறை, சென்னை.

பொருள்: முதுகுத்தண்டு வட்டுப் (டிஸ்க்) பிதுக்கத்திலிருந்து முழுமையாகக் குணமடைந்த பின்னும், கருணை கோரும் கடிதத்தில் கையொப்பமிட்டாலன்றிப் பணியில் சேர்க்க மறுப்பது, நிபந்தனையின்றிச் சேர்க்க ஆணையிடக் கோருவது தொடர்பாக.

பார்வை: என் முதல் புகாரின் மீது நிறுவனம் தங்கள் அலுவலகத்திற்கு அளித்த 03.03.2025 தேதியிட்ட விளக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிறுவனத்தின் பட்டுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்திருக்கிறேன். அங்கே வெள்ளை விரிப்பிட்ட மெத்தைமேல் விற்பனையாளர் சம்மணமிட்டு அமர்வார்; எதிரே வாடிக்கையாளர் அமர்வார். கேட்ட சேலையைப் பின்னாலுள்ள அலமாரியிலிருந்து, எழாமல், இடுப்பைத் திருப்பி எடுத்து, முன்னால் குனிந்து விரிக்க வேண்டும். முகூர்த்தக் காலத்தில் ஒரே நாளில் இருநூறு சேலைகளை விரித்து மடித்ததுண்டு. வாடிக்கையாளர் அமர்ந்திருக்க விற்பனையாளர் நிற்பது மரியாதைக் குறைவு என்பது நிறுவனத்தின் விதி. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், பருத்திப் பிரிவில், ஊழியர் அமர்வது மரியாதைக் குறைவு என்பதும் அதே நிறுவனத்தின் விதி.

2. 28.08.2024 அன்று, ஆவணி முகூர்த்தக் கூட்டத்தின் நடுவே, பின்னால் திரும்பி ஒரு கட்டுச் சேலையை இழுத்தேன். இடுப்பில் ஏதோ வெட்டியது. இடது காலில் பெருவிரல்வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செலுத்தியதுபோல் வலி இறங்கியது. உரிமையாளர் திரு. சண்முகவேல் இதனைச் சுளுக்கு என்று தீர்மானித்தார். கடை ஊழியர் எவருக்கு எங்கே பிடித்துக்கொண்டாலும் வரவழைக்கப்படும் சுளுக்கு எடுப்பவர் அன்றும் வரவழைக்கப்பட்டார். அவர் என்னைக் கிடங்கில் குப்புறக் கிடத்தி, முதுகின்மேல் ஏறி மிதித்தார். காலையில் நடந்து கடைக்குள் சென்ற நான், மாலையில் நாற்காலியில் வைத்துத் தூக்கி வரப்பட்டு ஆட்டோவில் ஏற்றப்பட்டேன்.

3. மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் சுளுக்கு எதுவும் இல்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருந்து அதிர்ச்சியைத் தாங்கும் வட்டுகளில் ஒன்று, இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கிடையே, வெளிவளையம் கிழிந்து பிதுங்கியிருந்தது. பிதுங்கிய பகுதி காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தியது. கோளாறு இடுப்பில் இருக்க, வலி காலில் இருந்தது அதனால்தான். சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறினாலோ, கால் வலுவிழந்துகொண்டே போனாலோ உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று நரம்பியல் மருத்துவர் எச்சரித்தார். எனக்கு அவை எதுவும் இல்லை. பெரும்பாலோருக்கு, பிதுங்கிய பகுதி சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், தானாகவே சுருங்கும் என்றும், படுத்தே கிடப்பது மீட்சியைத் தாமதப்படுத்தும் என்றும் அவர் கூறினார். என் பணியைக் கேட்டறிந்த அடையாறு இயன்முறை மருத்துவர் திருமதி ஜெயபாரதி சொன்னதை அப்படியே தருகிறேன்: "குனிஞ்சு உட்கார்ந்து, திரும்பி வெயிட் தூக்கறதுதான் டிஸ்க்குக்கு ரொம்பக் கெடுதல் சார். நீங்க அதையே உத்தியோகமா பண்ணியிருக்கீங்க."

4. இனி எழுதுவதைச் சற்றுப் பெருமையுடனேயே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். முதல் வாரம் என் தெருமுனையிலுள்ள மருந்துக் கடைவரை செல்ல இரண்டு இடங்களில் நிற்க வேண்டியிருந்தது. குப்புறப் படுத்து மார்பை மட்டும் உயர்த்தும் பயிற்சியை நாளொன்றுக்கு ஆறு முறை, ஒரு நாளும் தவறாமல் செய்தேன். மூன்றாம் வாரம் வலி பாதத்தை விட்டு முழங்காலுக்கு ஏறியது. வலி இடுப்பை நோக்கிப் பின்வாங்குவது நல்ல அறிகுறி என்றார் ஜெயபாரதி. ஏழாம் வாரம் அது இடுப்போடு நின்றது. பதினான்காம் வாரம் மயிலாப்பூர் குளத்தை நான்கு முறை நிற்காமல் சுற்றி வந்தேன். கத்தி படவில்லை. 09.12.2024 அன்று, நான் பணிக்குத் தகுதியானவன், குனிந்து அமராமல் இடுப்புயர மேசையில் நின்று வேலை செய்யலாம் என்று நரம்பியல் மருத்துவரிடம் சான்று பெற்றேன்.

5. சான்றுடன் சென்ற என்னிடம் திரு. சண்முகவேல் கூறியது: "நின்னுக்கிட்டே காட்டுறதுக்கு இது பட்டுக்கடையா அண்ணாச்சி, காய்கறிச் சந்தையா? உக்காந்த எடத்துல வேலை. இதுக்குப் போயி முதுகு வலின்னா யாரு நம்புவா?" பின்னர் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை நீட்டினார். நான் நிரந்தர நோயாளி என்றும், என் நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றும், நிர்வாகத்தின் கருணையால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்க சலுகையை வேண்டுகிறேன் என்றும் அதில் இருந்தது. கையொப்பமிட்டால் மறுநாளே வேலை என்றார். நான் பேனாவைத் தொடவில்லை. வெளியேறுகையில் பருத்திப் பிரிவின் திருமதி தேவானை கேட்டது: "இன்னாண்ணே கடை இது? எங்கள உக்கார வுட மாட்றான், உன்ன நிக்க வுட மாட்றான்."

6. 24.01.2025 அன்று, தை முகூர்த்தக் கூட்டத்தின்போது, என் சான்றின் இரண்டாம் படியைக் கொடுக்கச் சென்றிருந்தேன். மந்தைவெளியைச் சேர்ந்த திருமதி வைதேகி, பேத்தியின் திருமணத்திற்காக வந்தவர், முழங்கால் வலியால் மெத்தையில் அமர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கோதண்டபாணி, நீர் இந்த மேஜை மேல போட்டுக் காட்டும். கீழ உக்காந்தா என்னை எழுப்பறதுக்குக் கிரேன்தான் கொண்டுவரணும்" என்றார். பொட்டலம் கட்டும் மேசையைத் துடைத்து, வெள்ளை விரிப்பிட்டு, நின்றபடி காட்டினேன். நாற்பது நிமிடங்களில் கூறைப் புடவை உட்பட ஐந்து புடவைகள் தேர்வாயின. அதற்குள் மேலும் நான்கு மூத்த பெண்மணிகள் மெத்தையை விட்டு மேசைக்கு வந்துவிட்டிருந்தனர். திரு. சண்முகவேல் மாடிப்படியில் நின்று இதனைப் பார்த்தார். என் இடுப்பு வலிக்கவில்லை.

7. இரண்டே வாரங்களில் பட்டுப் பிரிவில் மூன்று உயர மேசைகள் போடப்பட்டன. "மூத்த வாடிக்கையாளர் வசதிக்காக நிர்வாகத்தின் புதிய ஏற்பாடு" என்று பலகையும் தொங்குகிறது. அம்மேசைகளில் இன்று மூன்று விற்பனையாளர்கள் நின்றபடியே விற்கின்றனர். எவரிடமும் கருணைக் கடிதம் கேட்கப்படவில்லை. நான் சேர வேண்டுமானால் மட்டும் அக்கடிதம் வேண்டுமாம்.

8. பார்வையில் கண்ட விளக்கத்தில் நிறுவனம் எழுதியிருப்பது: "பட்டுப் பிரிவு ஊழியர்கள் நாள் முழுவதும் மெத்தையில் அமர்ந்தே பணிபுரிவதால், இருக்கை வசதி தொடர்பான சட்டப் பிரிவு முழுமையாக நிறைவேற்றப்பட்டுள்ளது." நாள் முழுவதும் நிற்கும் ஊழியருக்கு இருக்கை தந்து அவர் உடலைக் காக்க இயற்றப்பட்ட சட்டத்திற்கு, என் உடலைக் கெடுத்த மெத்தையே சான்றாகக் காட்டப்பட்டிருக்கிறது. இவ்வாக்கியத்தைப் பலமுறை படித்துவிட்டேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுதினால் இம்மனுவின் நாகரிகம் குறையும் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

9. ஆகவே, என்னை எக்கடிதமுமின்றி அம்மேசைகளில் ஒன்றில் பணியமர்த்தவும், மெத்தையை இருக்கை வசதியாக ஏற்க மறுத்து அந்த விளக்கத்தைத் தள்ளுபடி செய்யவும், பருத்திப் பிரிவினர் அமர உண்மையான இருக்கைகள் போடப்பட்டுள்ளனவா என்று முன்னறிவிப்பின்றி நேரில் ஆய்வு செய்யவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். நான் நோயாளியாக இருந்தேன், இப்போது இல்லை. சலுகை கேட்கவில்லை, என் இடத்தைக் கேட்கிறேன். ஆறு மாதங்களாக நிறுவனம் என்னிடம் கேட்டுவரும் கையொப்பத்தை இதன்கீழ் இடுகிறேன்.

இடம்: சென்னை
நாள்: 11.06.2025

தங்கள் நீதியை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ப. கோதண்டபாணி

இணைப்பு: எம்.ஆர்.ஐ. அறிக்கை, தகுதிச் சான்று, மேசைகளின் புகைப்படம், நிறுவனத்தின் விளக்கம் (நகல்கள்). இருக்கை ஆய்வுக் கோரிக்கைக்குப் பருத்திப் பிரிவு ஊழியர் பத்தொன்பது பேர் கையொப்பமிட்ட ஒப்புதல் (அசல்).