சதவீதம் எழுதிய பாட்டில்கள்

செப். 11, வியாழன்

பெங்களூரிலிருந்து இரவு பஸ், காலை ஐந்தரைக்கு வீடு. சேலம் வரை தூறல், கள்ளக்குறிச்சியில் ஒரு சொட்டு இல்லை. ஓசூரில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டேன். பையில் நான்கு பாட்டில். யாரும் பார்க்கவில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்தேன். அம்மா: "இன்னாடி இது, மருந்தா?" "கம்பெனி சாம்பிள்மா." பொய் இல்லை. வீட்டைப் பொறுத்தவரை எனக்கு பெங்களூரில் ஃபுட் கம்பெனி வேலை. ஆறு வருடமாக நான் காய்ச்சுவது பீர்.

சொல்லாததற்குக் காரணம் சித்தப்பா. பாக்கெட்டில் விற்ற கள்ளச்சாராயம் குடித்தார். முதலில் கண் போனது, மூன்றாம் நாள் ஆளே போய்விட்டார். அப்பாவுக்கு ஒரே தம்பி. அதற்குப் பிறகு குடிக்கிறவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அப்பா போவதில்லை. ஆனால் அடுத்த மாதம் கல்வராயன் மலைச் சாமையும் வெல்லமும் சேர்த்து ஒரு பீர் வருகிறது, லேபிளில் என் பெயரோடு. இந்த முறை சொல்லியே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை: சாமை 15 கிலோ. வெல்லம் 10 கிலோ. செருப்பு தைக்க. அப்பாவிடம் சொல்ல.

மதியம் மாடி அறை. எவர்சில்வர் டம்ளர் (தப்புதான், கண்ணாடி வேண்டும்). கோதுமை பீர், 4.2 சதவீதம். கனிந்த வாழைப்பழ வாசனை, துளி கிராம்பு. இந்த வெயிலுக்கு அமிர்தம். நுரை சீக்கிரம் அடங்குகிறது, கவனிக்க. அடுத்தது லாகர் பீர், 5. சுத்தம். ஒரு குறையும் இல்லை, அதுதான் குறை. அம்மா கூப்பிட்டதும் ஏலக்காய் மென்றுகொண்டு இறங்கினேன். இருபத்தொன்பது வயதில்.

செப். 12, வெள்ளி

சுள்ளென்று வெயில். அப்பாவின் பைக்கில் மலைக்கு. கச்சிராயபாளையம் தாண்டி, வெல்லம் காய்ச்சும் ஆலையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். "வர்றப்ப வாங்கிக்கலாம்மா" என்றார். சாயந்திரம் மழை வரும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

அடிவாரத்தில் போலீஸ். வெல்ல மூட்டையைப் பார்த்ததும் கை காட்டினார்கள். மலை மேலே சாராய ஊறல் போடுகிறவர்களுக்குத்தான் வெல்லம் மூட்டையாகப் போகும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மறந்துபோயிருந்தது.

"யாருக்குப் போவுது பெரியவரே?"

"நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லீங்க. எந்தம்பியவே அதுல பறிகுடுத்தவங்க." அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். தாங்க முடியவில்லை எனக்கு. கம்பெனி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

"வெல்லம் எனக்கு சார். பெங்களூர்ல லைசென்ஸ் வாங்கின பீர் கம்பெனி. நான்தான் அங்க பீர் காய்ச்சறேன்."

போலீஸ்காரர் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தார். "பொம்பளப் புள்ள பீர் காச்சுதா!" சிரிப்பு. "மூட்டைய இங்க வெச்சிட்டுப் போங்க. எறங்கசொல்ல எடுத்துக்கங்க."

அப்பா சிரிக்கவில்லை. மேலே சாமை வாங்கி, கீழே வெல்லத்தை எடுத்து, வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை இல்லை. மழையும் வரவில்லை.

செப். 13, சனி

மேகமூட்டம். அப்பா விடிந்ததும் வயலுக்குப் போனவர் சாப்பிடவும் வரவில்லை. அம்மா: "டம்ளர்ல வாசன வந்தப்பவே எனக்குத் தெரியும். சொல்றதுக்கு ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா? போலீசு முன்னாடியா?"

"நீயாவது அப்பாகிட்ட பேசேன்மா."

"நான் மாட்டேன். நீயே பேசிக்கோ."

மூன்றாவது பாட்டில், ஐ.பி.ஏ. வகை பீர், 6.5. எடுத்ததும் கசப்பு, பிறகு ஆரஞ்சுத் தோல். நல்ல சரக்கு. இன்றைக்கு நாக்கில் ஒட்டவில்லை. அரை டம்ளரோடு மூடிவிட்டேன். அப்பா இனி பேசவே மாட்டாரோ என்று பயம்.

செருப்பு தைத்தாயிற்று.

செப். 14, ஞாயிறு

காலையிலிருந்து மழை. நாலரை மணி பஸ். மதியம் அப்பா வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் ஃப்ரிட்ஜைத் திறந்தார். கடைசி பாட்டிலை, ஸ்டவுட் வகை பீரை, எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். கன்னங்கரேல் என்று இருக்கும், காப்பிக்கொட்டை கருகிய ருசி, நான்கிலும் எனக்குப் பிடித்தது. இன்னும் திறக்கவில்லை.

"எட்டுன்னு போட்டிருக்குதே, இன்னா அது?"

"எவ்ளோ போதைன்னு அர்த்தம்பா. இதுல ஜாஸ்தி, மத்ததுல கம்மி."

மற்றதையும் எடுத்துவரச் சொன்னார். மூன்று பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணைப் படித்தார்.

"யாரு எழுதறது?"

"நான்தான். அளந்து பாத்து எழுதுவேன்."

"அளவு தப்பாப் போச்சின்னா?"

"கடைக்கே போகாதுப்பா. கொட்டிடுவோம்."

எட்டு என்று எழுதியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "எந்தம்பி குடிச்சதுல எவனும் ஒண்ணும் எழுதல" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் ஸ்டவுட்டைத் திரும்ப உள்ளே வைத்துக் கதவை மூடினார். குடிக்கவில்லை, என்றைக்கும் குடிக்க மாட்டார்.

"ரெண்டு தபா அளந்து எழுதும்மா. கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாவுது."