உன் காருக்கு வாங்கிய இரண்டாவது மோட்டார்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், பதினெட்டு நாளாக உன் குரலைக் கேட்கவில்லையே. அந்த வேலையை ஏன் விட்டாய் என்று ஒருமுறை கேட்டு நிறுத்தியிருக்கலாம். நான்காவது முறை கேட்டதும் நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வைண்டிங் பட்டறையில் கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தப்புகிறது, முதலாளி என்னம்மா உடம்பு சரியில்லையா என்கிறார். சும்மா இருக்க முடியாமல் உன் அலமாரியைத் திறந்து, ரிமோட் காரையும், அதற்கென்று முதல் சம்பளத்தில் வாங்கிப் பொருத்த நேரமில்லாமல் பெட்டியோடு வைத்துவிட்டுப் போன பிரஷ்லெஸ் மோட்டாரையும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் எடுத்தேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். தொட்டேன்.

இருபத்தாறு வருஷம் மோட்டார் கட்டியவளுக்கு இது என்ன பிரமாதம் என்ற திமிர். மோட்டாரை வண்டியில் பொருத்தக் கூட வந்த ஸ்க்ரூ குட்டையாகத் தெரிந்தது, பிடிமானம் போதாது என்று என் டப்பாவிலிருந்து நீளமானதைப் போட்டு, இறுகிய பிறகும் இன்னொரு திருகு திருகினேன். முனை மோட்டாருக்குள்ளே போய்ச் செம்புக் கம்பி சுற்றிய காயிலைக் குத்திவிட்டது. பேட்டரியைச் செருகி ரிமோட்டை அழுத்தினேன், புகை. கன்ட்ரோலர் தப்பியது புண்ணியம். இதே தப்பைப் பட்டறையில் வேறு யாராவது செய்திருந்தால் எப்படிக் கத்தியிருப்பேன்! யானைக்கும் அடி சறுக்கும் என்று முதலாளி ஆறுதல் சொன்னார், எனக்கு ஆறவில்லை. அப்பாதான், உனக்கு எதையும் போதும்னு விடத் தெரியாதா, மோட்டாருன்னாலும் சரி, பொண்ணுன்னாலும் சரி என்றார். முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது.

மறுநாளே கடைக்குப் போனேன். கடைக்காரர் கேவி எண் பெரிதாக உள்ளதை எடுத்துக் காட்டி, இதைப் போட்டா வண்டி பறக்கும்மா என்றார். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதுதானே அந்த எண், என் மகளுடையது மண்மேடு ஏறுகிற வண்டி, அதற்கு இழுவைதான் வேண்டும், பறந்து சூடேற வேண்டாம் என்று சொல்லி, நீ வாங்கிய அதே எண்ணையே வாங்கி வந்தேன். இந்த முறை குட்டை ஸ்க்ரூ. மோட்டார் பல்சக்கரமும் வண்டிப் பல்சக்கரமும் நெருக்கிக்கொள்ளாமல் நடுவில் துண்டுக் காகிதம் வைத்து இறுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிட்டேன். விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் சுற்றுகிறது. பேட்டரியை மட்டும் செருகவில்லை. ஓட்டிப் பார்க்கக் கை பரபரக்கிறது, மூன்று தரம் எடுத்து மூன்று தரமும் வைத்துவிட்டேன். முதல் ஓட்டம் உன்னுடையது.

எரித்ததற்கு மன்னித்துவிடு. வேலை விஷயம் நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டாலும் நீ என் பிள்ளைதான். வேளைக்குச் சாப்பிடு. பேட்டரியை முழுதாக வடிய விட்டு வைக்கக்கூடாதாம், மாதம் ஒருமுறை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எப்போது வருகிறாய் என்று கேட்காமல் பேனாவை மூடும்
உன் அம்மா