முப்பது வாட்

ஜூன் 6, 2024
ஸ்பீக்கர்கள் வந்து ஒரு வாரம். முன்னறையில் இரண்டும் நெஞ்சுயரத்துக்கு நிற்கின்றன. ஊஃபருக்கான ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் அடிச்சத்தத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். குரலுக்கும் அதற்கு மேலே உள்ளதற்கும்தான் நான் ஒரு ஆம்ப் தேட வேண்டும். பழையது போதவில்லை. எல்லாமே ஈரச்சாக்குக்குப் பின்னாலிருந்து வருகிறது.

ஜூன் 9
சேலம். கைலாசத்தின் கடை. இரண்டு ஆம்ப். ஒன்று கண்ணாடி வால்வு வைத்த பழைய மாதிரி, முப்பது வாட். மற்றது முந்நூறு வாட். தூக்க இரண்டு பேர் வேண்டும்.
"ஊஃபர்தான் தன்னப் பாத்துக்குதுங்களே சார். மேல் பாதிக்கு எதுக்கு இத்தன பவரு? முப்பது போதும். மாரியம்மன் பண்டிகைக்கா கட்டப்போறீங்க?"
நாட்டியக் கச்சேரி ஒன்றை வால்வில் ஓடவிட்டார். "சலங்கைய கவனிங்க. ஒவ்வொரு மணியும் தனியா உழுது."
தலையாட்டினேன். எனக்கு எந்த மணியும் விழவில்லை. வால்வு மங்கல் — அவ்வளவுதான். பெரியதை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 10
பெரியதுதான் சரி. சத்தம் கூட்டினால் குரலின் ஓரங்கள் தெரிகின்றன.

ஜூன் 17
மறுபடி மங்கல். கேபிளா? சுவரா? ஊஃபர் அளவைக் குறைத்தேன். ஆம்பை இன்னும் திருகினேன். பரவாயில்லை.

ஜூன் 25
நான் பாட்டுப் போடும்போதெல்லாம் அன்புச்செல்விக்கு மாடியில் துணி காயப்போட வேண்டியிருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கும் வீட்டில் எவ்வளவு துணி?

ஜூலை 2
மாடிக்குப் போனேன். கொடி காலி. தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு.
"என்ன அன்பு இது?"
"காதுக்குள்ள ஊசி எறங்குதுங்க. பக்கத்து ஊட்டக்கா, உங்க ஊட்ல வெல்டிங் பட்டறை வெச்சிருக்கீங்களான்னு கேக்கறாங்க."
"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"
"சொன்னனுங்க. மூணு தடவ. பின்னாடி நின்னு."
பஞ்சை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.
"உங்களுக்குக் கேக்கல."

ஜூலை 3
மூணு தடவையா?

ஜூலை 8
காது டாக்டர். கண்ணாடிக் கூண்டு. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்தினேன். பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று கதவைத் தட்டினேன். நிற்கவில்லையாம்.
தாளில் கோடு பாதி தூரம் நேராகப் போய், அப்புறம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது.
என்ன வேலை? கல்லூரியில் ஆங்கிலம். அதற்கு முன்? அப்பாவின் போர்வெல் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் நான்கு வருடம். போர் போடும்போது காதை அடைத்தீர்களா?
யாரும் அடைப்பதில்லை. பாறை மாறுவதை ட்ரில்லர் காதால்தான் பிடிப்பார். முதல் நாள் நான் பஞ்சு வைத்திருந்தேன். ட்ரில்லர் மாதையன் கம்பிரசர் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "பஞ்சு வெச்சுக்கிட்டு நிக்கறதுக்கு ஊட்லயே படுத்திருக்கலாமுங்களே சின்ன மொதலாளி!" வண்டியே சிரித்தது. பிடுங்கி எறிந்தேன். அன்றைக்கு அது பெருமையாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
உச்சச் சத்தங்கள் கேட்கும் பகுதி போய்விட்டது, போனது திரும்பாது என்றார். கருவி வைத்தால் பேச்சு பிடிபடும். இசை — அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அல்லது முடித்தாரோ.

ஜூலை 11
கடைசி பெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

ஜூலை 21
பெரியதைத் திருப்பிக் கொடுக்க அன்புவையும் கூட்டிப்போனேன். இவள்தான் தேர்ந்தெடுப்பாள் என்றேன். கைலாசம் என்னைப் பார்த்தார். ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.
"எனக்கென்னங்க தெரியும்?"
"ஊசி எறங்காதது எதுன்னு சொல்லு. போதும்."
நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வால்வில் மூன்றாவது பாட்டு ஓடும்போது கைப்பை தரைக்குப் போயிருந்தது.
"இதுங்க," என்றாள்.

ஜூலை 24
முப்பது வாட் வந்துவிட்டது. மாலையில் அன்பு ஒரு பாட்டைப் போட்டாள். மிருதங்கம் நெஞ்சில் தெளிவாக விழுந்தது. பாடியவர் என்ன சொல்கிறார் என்று பாதி ஊகித்தேன். மாடிக்கு அவள் போகவில்லை.
எனக்குக் கேட்டவரை பாட்டு முடிந்ததும் நிறுத்த எழுந்தேன்.
மணிக்கட்டைப் பிடித்தாள். முகத்தை என் பக்கம் திருப்பி, உதடு தெரியச் சொன்னாள்.
"உக்காருங்க. இன்னும் முடியலீங்க."
உட்கார்ந்தேன்.