எட்டாம் நாள் பெயர்

நவ. 2, ஞாயிறு
காலையிலிருந்தே தூறல். அபிக்கு வளைகாப்பு. கோயிலில் அர்ச்சனை, பிறகு வீட்டில் விருந்து. சர்க்கரைப் பொங்கல் குழைந்துவிட்டது. நல்லவேளை, யாரும் வாய் திறக்கவில்லை.

சம்பந்தியம்மா ரூத்திடம் கேட்டே விட்டேன். டேனியல் மாப்பிள்ளையின் அம்மா. பையன் பிறந்தால் அபி அப்பா பேர் வைக்க வேண்டும், சுந்தரம் என்று. எங்கள் பக்கம் பேரன் என்றாலே பேர் கொண்டவன்தானே. பதினாலாம் தேதி இவருக்கு பைபாஸ், பேர் கிடைத்தால் தெம்பாகப் போவார் என்றும் சொன்னேன். ரூத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்?

நவ. 3, திங்கள்
இவருக்குக் கோபம். "எம் பேரு வெச்சா அவங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? ஒத்தப் புள்ளையக் குடுத்திருக்கோமில்ல?" பிரஷர் ஏறியிருக்கிறது. அபிக்கு போன் பண்ணினேன். "அம்மா, ப்ளீஸ். நாட் நவ்." வைத்துவிட்டாள்.

வாங்க: ஓட்ஸ், இவருக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, டயப்பர்.

நவ. 6, வியாழன்
ரூத் தானே டிரைவ் பண்ணி வந்தார். இவர் தூக்கத்தில். கிச்சனில் உட்கார்ந்து பேசினோம்.

அவருடைய அப்பா அம்மா யுத்தம் முடிந்து போலந்திலிருந்து அமெரிக்கா வந்த யூதர்கள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் மிஞ்சியது அவர்கள் இருவர்தானாம். தெற்கு ஜெர்சியில் கோழிப்பண்ணை வைத்தார்கள். ஸ்கூல் விட்டு வந்ததும் ரூத்துக்கு முட்டை துடைக்கிற வேலை. ரூத் குழந்தை டாக்டர் ஆனார், தம்பி ஜட்ஜ். அப்பா கடைசிவரை கோழி நாற்றம் போகாத கோட்டுதான் போட்டாராம்.

அவர்களில் செத்துப் போனவர்கள் பேரைத்தான் குழந்தைக்கு வைப்பார்கள். பேர் நிறைய இருந்தது, பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர் என்றார். ஆளுக்கு மூன்று பேர் வைத்தும் தீரவில்லையாம். உயிரோடு இருப்பவர் பேரை மட்டும் வைக்கவே கூடாது. வைத்தால் அவர் ஆயுசைப் பிடுங்கிக் கொடுத்த மாதிரி.

ஆபரேஷனுக்குப் போகிற மனுஷனுக்கு நானே வாய்விட்டு இதைக் கேட்டிருக்கிறேன்.

நவ. 11, செவ்வாய்
பையன்! தாயும் பிள்ளையும் நலம். மூக்கு அப்படியே இவர் மூக்கு.

பேர் எட்டாம் நாள் சடங்கில்தானாம். அடுத்த செவ்வாய். என்ன பேர் என்றேன். அபி சொன்னாள்: "வீ'ல் டிசைட் ஆஃப்டர் ஃப்ரைடே, மா."

வெள்ளி ஆபரேஷன். அதற்குப் பிறகு. காரில் வரும்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை சுந்தரம் என்று கூப்பிட்டார்கள் என்றால். மேலே எழுத வரவில்லை. முருகா.

நவ. 13, வியாழன்
நாளை. இவர் இன்னும் பேரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது வேண்டாமே என்றேன். "நீயும் அவங்க பக்கம் சாஞ்சுட்டியா?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணத்தைச் சொன்னால் பயந்துவிடுவார். திட்டட்டும்.

பயமாக இருக்கிறது. ரொம்ப.

நவ. 14, வெள்ளி
ஆஸ்பத்திரி. ரூத் கூடவே இருந்தார். நர்சுகளிடம் டாக்டர் பாஷையில் கேட்டு எனக்கு எளிமையாகச் சொன்னார். சாயங்காலம் வெளியே கொண்டு வந்தார்கள். நல்லபடி முடிந்தது என்கிறார்கள். கண் திறக்கவில்லை.

நவ. 16, ஞாயிறு
பிரஷர் இறங்கியது, மறுபடி ஐ.சி.யூ. சாப்பாடு இறங்கவில்லை. அபி போனில் அழுகிறாள். டேனியல் அவர்கள் மதகுரு ரபியிடம் பேசுவது பின்னால் கேட்டது. பேரைப் பற்றியா? கேட்கத் தைரியம் இல்லை.

நவ. 17, திங்கள்
பிரஷர் பரவாயில்லை. சாதா ரூமுக்கு மாற்றினார்கள். இரண்டு ஸ்பூன் சூப்.

நவ. 18, செவ்வாய்
வெயில். நான் இவர் பக்கத்தில், போனில் வீடியோ கால். அங்கே ஒரே கூட்டம். இவர் அரைத் தூக்கத்தில். ரபி ஏதோ பாடினார். போனைக் கட்டிலில் சாய்த்துவைத்தேன்.

யோசெஃப்.

ரூத் அப்பாவின் கடைசித் தம்பியாம். ஏழு வயசோடு போனவன். மற்றப் பேர்களுக்கு நடுவே இத்தனை வருஷம் அந்தப் பேருக்கு முறை வரவேயில்லை. ரூத் விம்மி விம்மி அழுதார். நானும்.

இவர் கண் திறந்தார். "பேரு சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. உங்க பேரு இல்லீங்க."

"சரி விடு. அடுத்த பேரனுக்கு வெச்சுக்கலாம்."

"வேண்டாமுங்க," என்றேன். "அவனுக்கு அடுத்தவனுக்கும் வேண்டாமுங்க."