கேட்காமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் மிஸ்டு காலைப் பார்த்துக் கூப்பிட்டீர்களே, "கை பட்டுடுச்சுப்பா" என்றேன். பொய். கிரேன் ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று மேஸ்திரி கேட்டார். உங்களைக் கேட்கத்தான் அழைத்தேன். வேண்டாம் என்பீர்கள் என்று தோன்றியதும் துண்டித்துவிட்டு, பயிற்சிக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சட்டை எடுக்கக்கூட உங்களைக் கேட்டவன் நான். அன்று சோறு இறங்கவில்லை.

பயப்படாதீர்கள். கோபுரம் மாதிரி உயரமான கிரேன்; முதல் நாள் மட்டும் அதன் ஏணியில் பாதி ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இப்போது பழகிவிட்டது. மதியம் மேலே கிரேன் கூண்டில் தனியாகச் சாப்பிடும்போதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. நீங்களும் அம்மாவும் சண்டை போடுவதையாவது போனில் பதிந்து அனுப்புங்கள்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. விஷயத்தை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

உங்கள் மகன்