சுவரிலிருந்து இறக்கிய படம்

அன்பு மகள் மங்களத்துக்கு பெங்களூர் நீலசந்திராவிலிருந்து அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம், மனசுக்குத்தான் சரியில்லை. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி மகன் முகேஷுக்கு ஏர்போர்ட் வேலை நிரந்தரமாகிவிட்டது, அவன் தங்கை அம்ருதா பத்தாவதில் கன்னடத்துக்கு நூற்றிருபத்தைந்துக்கு நூற்றிருபத்தைந்து வாங்கிவிட்டாள், உன் மகள் பார்கவி போன மாதம் தனியாக வாதாடி ஒரு வீட்டுவேலைக்காரம்மாவுக்கு ஜாமீன் எடுத்துக் கொடுத்தாள். நம் தெருவுக்கே முதல் வக்கீல் அவள்தான்.

அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், அதனால் எழுதுகிறேன். அவளுடைய சீனியர் வக்கீலை எவ்வளவு பெரிய மனுஷர் என்று நினைத்தோம், அந்த ஆள் ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் தப்பாக நடந்திருக்கிறார், ஒருமுறை இல்லை. இவள் கையைத் தட்டிவிட்டதும் கேஸ் கொடுப்பதை நிறுத்தி, கோர்ட்டில் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டியிருக்கிறார். பார்கவி ஜனவரியில் அங்கிருந்து விலகி, வக்கீல்களுக்குத் தொழில் செய்யச் சன்னது கொடுக்கிற பார் கவுன்சிலில் புகார் கொடுத்துவிட்டாள். நிரூபணமானால் அவர் சன்னதையே ரத்து செய்யலாமாம். ஆயாவுக்கு பிபி ஏறும் என்று இதை என்னிடம் மறைத்து, வேறு ஆபீஸ் மாறிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். யுகாதிக்கு அந்த ஆபீஸ் குமாஸ்தா விக்கி ஒப்பட்டுப் போளி டப்பாவோடு வந்து, அஜ்ஜி, பார்கவி மேடம் வக்கீலான அன்னிக்கு சாரோட எடுத்த போட்டோ மாட்டியிருக்கீங்களாமே, ஆபீஸ்லயும் மாட்டணும், குடுங்க என்றான். அவர் இவள் தோளில் கை போட்டு நிற்பாரே, அதுதான். இறக்கினால் நான் காரணம் கேட்பேன் என்று பார்கவி அதைச் சுவரிலேயே விட்டிருந்தாளாம். பேத்தி படம் வக்கீல் ஆபீஸில் தொங்கப் போகிற பெருமையில் நானே ஸ்டூல் போட்டு இறக்கி, துடைத்து, காப்பியும் கொடுத்து அனுப்பினேன். இப்போது அந்த சீனியர் புகாருக்குக் கொடுத்த பதிலோடு அந்தப் படத்தைச் சேர்த்திருக்கிறார். தகப்பன் போலப் பழகினேன், புகாருக்குப் பிறகும் என் படம் அவர்கள் வீட்டில் தொங்கியது, பாட்டியே மனசாரக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாராம்.

பார்கவி என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அதுல என் மூஞ்சிய ஒரு தரமாவது பார்த்தியா ஆயா என்று மட்டும் கேட்டாள். தினமும் விளக்கேற்றும்போது பார்த்த படம்தான். கறுப்புக் கோட்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், பிள்ளை தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்காமல் விட்டேனே.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி விசாரணை. விக்கி என்ன சொல்லி வாங்கிப் போனான் என்று நான் போய்ச் சொல்லப் போகிறேன். அஞ்சாவது படிச்ச உன்னை ரெண்டு கேள்வியில மடக்கிடுவாங்க என்று எதிர்வீட்டு டீனா பயமுறுத்துகிறாள். பயம்தான், ஆனாலும் நடந்ததைச் சொல்ல அஞ்சாவது போதும். நீயும் உன் தம்பி மாதிரி, வாபஸ் வாங்கு, கல்யாணம் அமையாமல் போய்விடும் என்று அவளிடம் சொல்லிவிடாதே. அவன் சொன்னதில் இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

மாப்பிள்ளை சுகர் மாத்திரையை மறக்காமல் பார்த்துக்கொள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த முனீஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். சுவரில் ஆணி சும்மா இருக்கிறது. நீ லீவில் வந்தபோது கோர்ட்டுப் படிக்கட்டில் பார்கவியை எடுத்தாயே, எடுக்காதே அம்மா என்று கையை ஆட்டிச் சிரிப்பாள், அதில் அவள் மட்டும்தான். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு உடனே தபாலில் அனுப்பு. பதினெட்டாம் தேதி நாங்கள் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது அது அந்த ஆணியில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா லட்சுமம்மா