ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கத்தினால் உங்களைத் தவிர எல்லோருக்கும் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். எட்டு மாதத்தில் நான்கு முறை ஆஸ்பத்திரி. ஒரு முறை மூச்சிரைப்பு, அடுத்த முறை தலைசுற்றல். விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று மாதத்துக்குள் ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் வீட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான். அதுவரை வீட்டுக்கே வந்து கவனிக்க ஒரு குழுவை ஏற்பாடு செய்திருக்கிறேன். அவர்களிடம் எரிந்து விழாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 20

என் செல்ல மகளுக்கு,

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து டிரைவர்களை விரட்டியவனுக்கே நீ கெடு வைக்கிறாய். இருக்கட்டும். இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

குழுவிலிருந்து நர்ஸம்மா வந்தாள். நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று கேட்டாள். இரண்டு டம்ளர் என்றேன். முந்தாநாள்? மூன்று லிட்டர். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

இதய டாக்டர் தண்ணீரைக் குறை என்றார். கிட்னி டாக்டர் நிறையக் குடி என்றார். இருவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள், யார் பேச்சைத் தட்டுவது? ஒற்றைப்படைத் தேதியில் இவர் சொன்னபடி, இரட்டைப்படையில் அவர் சொன்னபடி. எட்டு மாதமாக ஒரு நாள் பிசகவில்லை. முப்பத்தொன்றுக்கு அடுத்து ஒன்றாம் தேதி வரும்போதுதான் நாக்கு வறண்டு போகும். நான் தலைசுற்றி விழுந்ததெல்லாம் ஒன்றாம் தேதிதான் என்று நர்ஸம்மா கண்டுபிடித்தாள்.

“ஐயா, ரெண்டு பஸ்ஸையும் ஒரே தடத்துல எதிரெதிரா விட்டுருக்கீங்க” என்றாள்.

உடனே இரண்டு டாக்டர்களையும் ஒரே போனில் பேச வைத்தாள். தினமும் ஒன்றரை லிட்டர் என்று முடிவாயிற்று. காலையில் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும்; உடம்பில் நீர் கோத்தால் எடைதான் முதலில் காட்டிக்கொடுக்குமாம். யார் வந்தாலும் அதே நோட்டில்தான் எழுதுகிறார்கள்.

அப்பா

மார்ச் 29

அன்புள்ள அப்பா,

படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். நான்கு முறை வந்தும் இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லையே. ஆனாலும் கெடு கெடுதான்.

மகள்

மே 17

கண்ணு,

போன வாரம் இரண்டே நாளில் எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது. காலும் வீங்கியது. கெடு முடிய மூன்று வாரம்கூட இல்லை. நோட்டில் பழைய எடையையே எழுதிவிடலாமா என்று பேனாவும் கையுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேலையில் இருந்தவரை ஒரு பஸ்ஸுக்கும் பொய் நேரம் எழுதியதில்லை. கை வரவில்லை. உள்ளதை எழுதிவிட்டு நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். வீடு போயிற்று என்றே நினைத்தேன்.

அரை மணியில் வந்துவிட்டாள். டாக்டரிடம் பேசி மாத்திரையைக் கூட்டினாள். மூன்று நாளும் காலையும் மாலையும் வந்து பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு நாள் சொல்லாம இருந்திருந்தா, ஆம்புலன்ஸ்தான்யா” என்றாள்.

நான்காம் நாள் எடை இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வரவில்லையடி. இன்று தெருமுனை வரை நடந்து போய், திரும்பியும் வந்தேன். எதிர் வீட்டுக்காரர் கைதட்டினார், நானும் வெட்கமில்லாமல் கும்பிடு போட்டேன்.

அப்பா

ஜூன் 4

என் அப்பாவுக்கு,

நேற்றோடு கெடு முடிந்தது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி இல்லத்துக்கு எழுதிவிட்டேன். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறேன். பதினெட்டாம் தேதி காலையில் வந்து இறங்குவேன். விமான நிலையத்தில் டாக்ஸிக்காரரிடம் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லியே பழகிவிட்டது. நம் வீட்டுக்கு எந்த வழியாக வர வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்